டைரியில் வந்த ‘வார்ட்’

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லைன் வீட்டில், அடுத்த வாசல் அக்கா ஒருநாள் பையனின் டைரியோடு வந்தார். சிவப்பு மையில் ஒரு வரி: ‘யுவர் வார்ட் இஸ் நாட் சப்மிட்டிங் ஹோம்வொர்க்.’ “வார்டுன்னா நம்ம கவுன்சிலர் வார்டா தங்கச்சி?” என்று கேட்டார். உங்கள் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைத்தான் அப்படி எழுதுவார்கள் என்றேன். இதுபோல நாலைந்து வரிகளுக்கு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். “நான் நல்லா படிக்கிறேன்னு மிஸ் எழுதியிருக்காங்க” என்று பையன் சொன்னதை நம்பி! அவனைத் திட்ட மனம் வரவில்லை. தன்மேல் வந்த புகாரைத் தானே வாசித்துச் சொல்ல வேண்டுமென்றால் பத்து வயதுப் பிள்ளை வேறென்ன செய்யும்?

‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கொழுந்து பறிக்கிற அம்மா அரைநாள் கூலியை விட்டுத்தான் பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு வருகிறார். அங்கே முழுக்க ஆங்கிலம். இத்தனைக்கும் மிஸ்ஸுக்கும் நன்றாகத் தமிழ் தெரியும், ஆனால் வளாகத்துக்குள் பேசக்கூடாதாம். (வீட்டில் படுகு பேசும் அம்மாக்களுக்குத் தமிழே இரண்டாவது மொழி. அவர்கள் பாடு இன்னும் கஷ்டம்.)

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆனால் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தப் பிரிவு கிடையாது. பெற்றோர் ஆங்கிலத்தில் திணறுவதே அங்கேதான்!

சரி, நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து அக்காக்களை உட்காரவைத்தேன். ஏ, பி, சி-யில் ஆரம்பித்தது என் தப்பு. இரண்டாவது வாரம் மூன்று பேர் வரவில்லை. அப்புறம் டைரியையே பாடப்புத்தகமாக்கினேன். ஆப்சென்ட், டியூ, டெஸ்ட், சப்மிட், சைன், கைண்ட்லி. பள்ளிக்காரர்கள் திரும்பத் திரும்ப எழுதுவது முப்பது நாற்பது வார்த்தைகள்தான், எண்ணிப் பாருங்கள். வராமல் போனவர்களும் திரும்ப வந்தார்கள்.

ஆனால் ஆங்கிலம் வரும்வரை வாய் திறக்காமல் இருக்கச் சொல்ல மாட்டேன். கேள்வியைத் தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள், பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள் என்கிறேன். சர்க்குலரின் அடியில் தமிழில் இரண்டு வரி சேர்க்கப் பள்ளிக்கு என்ன செலவாகிவிடும்?

போன வாரம் அக்கா டைரியில் தமிழில் எழுதி அனுப்பினார்: ‘கணக்கு நோட்டு தொலைந்துவிட்டது என்கிறான். நிஜமா?’ மறுநாள் பதில் வந்தது, ஆங்கிலத்தில்தான்: ‘நோ. நோட்புக் இஸ் இன் ஹிஸ் பேக்.’ அதைப் படிக்க அக்கா என்னிடம் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பையைக் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.