அணுவுக்கு ஏது ஆசை?

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகள் நேற்று வேதியியல் விடைத்தாளை நீட்டினாள். குளோரின் ஏன் எலக்ட்ரானை ஏற்கிறது என்பது கேள்வி. ‘அதன் அணுக்கரு வலுவாக இழுப்பதால்’ என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் ஓர் அடி. ஒரு மதிப்பெண் போயிற்று. ‘வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்களை நிறைவு செய்ய விரும்புவதால்’ என்றுதான் எழுத வேண்டுமாம்.

விரும்புவதற்கு அணுவுக்கு மனம் இருக்கிறதா என்ன? குளோரினின் கருவில் 17 புரோட்டான்கள். உள்கூடுகளில் உள்ள 10 எலக்ட்ரான்கள் அந்த இழுப்பின் பெரும்பகுதியை மறைக்கின்றன. அப்படியும் வெளிக்கூட்டில் இருப்பவை ஏறக்குறைய 6 புரோட்டான்களின் இழுப்பை உணர்கின்றன. தனிம அட்டவணையில் அதே வரிசையின் முதலில் நிற்கும் சோடியத்தில் அது 2-ஐச் சற்றே தாண்டுகிறது. குளோரின் போன்ற அலோகம் எலக்ட்ரானை இழுப்பதும் சோடியம் போன்ற உலோகம் இழப்பதும் இதனால்தான்.

ஆசைதான் காரணம் என்பவர்கள் ஆக்சிஜனைப் பார்க்கட்டும். முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது ஆற்றலை வெளிவிடுகிறது. இரண்டாவதும் வந்தால்தானே எட்டு நிறையும்? அதைத் திணிக்கவோ, வெளிவந்ததைப்போலப் பல மடங்கு ஆற்றலை நாம் செலவழிக்க வேண்டும். படிகத்தில் சுற்றிலும் நேர் அயனிகள் அமைந்து ஈடுகட்டுவதால்தான் இரண்டையும் ஏற்ற ஆக்சிஜன், அதாவது ஆக்சைடு, நிலைக்கிறது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தனி அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல் எலக்ட்ரான் நாட்டம். (நாட்டம் என்றாலே ஆசைதானே! பெயர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல?) பிணைப்பில் இருவருக்கும் பொதுவான எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பது எலக்ட்ரான் கவர்தன்மை. அதற்கு 1932-இல் லைனஸ் பாலிங் அளவுகோல் வகுத்தார். நாட்டத்தில் குளோரின் முந்துகிறது. கவர்தன்மையில் புளூரினை வெல்ல ஆளில்லை, 3.98.

இதெல்லாம் ஏட்டுச் சங்கதி என்று நினைத்தால், ஜனவரி விடியலில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைகுந்தாவுக்கு வாருங்கள். புல்வெளியில் உப்பைத் தூவியதுபோல் உறைபனி கிடக்கும். தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும் அதே பனி. நீர் மூலக்கூறில் ஆக்சிஜனின் கவர்தன்மை 3.44, ஹைட்ரஜனுடையது 2.20. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, லேசான நேர்மின்னோடு நிற்கும் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஆக்சிஜனின் இடத்தில் கந்தகம் இருந்தால், அதன் மதிப்பு 2.58 மட்டுமே, அந்தப் பிடி அங்கே மிகப் பலவீனம். எனவே நீரைவிடக் கனமான மூலக்கூறாக இருந்தும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீரும் அப்படி இருந்திருந்தால் எங்கள் மலையில் பனி ஏது, ஓடை ஏது?

“அடுத்த தேர்வில் என்ன எழுதட்டும் சித்தி?” என்று கேட்டாள்.

“முதல் வரியில் கருவின் இழுப்பை எழுது. அடுத்த வரியில் அவர்கள் கேட்பதையும் எழுதிவிடு” என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.