லண்டன் சாக்கடையில் போலியோ: நடந்தது என்ன?

2022-இல் லண்டனில் போலியோ பரவிக் குழந்தைகளுக்குக் கால் முடங்கியதாகச் சமூக ஊடகத்தில் ஒரு பதிவு இருக்கிறது. பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியல்ல, நண்பரே.

லண்டனில் உள்ள பெக்டன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பிப்ரவரி முதல் எடுத்த மாதிரிகளில் வைரஸ் கிடைத்தது உண்மை. ஆனால் கை கால் முடங்கியவர் என்று ஒருவர்கூடப் பதிவாகவில்லை. போலியோ தொற்றினாலும் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. மலத்தில் மட்டும் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆள் படுப்பதற்கு முன்பே சாக்கடை காட்டிக்கொடுக்கிறது. (கிட்டத்தட்ட 40 லட்சம் பேரின் கழிவு பெக்டன் நிலையத்துக்கு வருகிறது!)

சரிபார்க்க விரும்பினால், பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமை 2022 ஜூன் 22 அன்று வெளியிட்ட அறிக்கையை அந்நாட்டு அரசு இணையதளத்தில் தேடுங்கள். முடக்குவாத நோயாளி யாரும் இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அப்புறம் அதே முகமையின் ஆகஸ்ட் 10 அறிவிப்பையும் பாருங்கள்.