எழுத்தில் நிறம் தெரிவது ஞானக்கண் அல்ல

"எழுத்துகளைப் பார்த்ததும் நிறம் தெரிவது லட்சத்தில் ஒருவருக்கு வாய்க்கும் ஞானக்கண், அறிவியல் இதைத் தொட்டதே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஒரு புலனின் அனுபவம் இன்னொன்றையும் தூண்டிவிடும் சினஸ்தீசியா என்னும் இந்தப் புலன் கலப்பைப் பற்றி ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் 1880-லேயே எழுதிவிட்டார். அபூர்வமும் அல்ல. ஜூலியா சிம்னர் குழுவினர் பிரிட்டனில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு வகைப் புலன் கலப்பு சுமார் 4 சதவீதம் பேரிடம் இருந்தது.

இது வெறும் கற்பனையா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன நிறம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஓராண்டு கழித்து முன்னறிவிப்பின்றி மறுபடி கேட்டார்கள். இந்த அனுபவம் உள்ளவர்கள் 92 சதவீதம் அதே நிறத்தைச் சொன்னார்கள். மற்றவர்களால் ஒரே வாரத்தில்கூட 38 சதவீதத்தைத் தாண்ட முடியவில்லை. ஆக அவர்கள் பொய் சொல்லவில்லை. அதை நானும் உரக்கச் சொல்வேன்.

ஆனால் அந்த நிறம் வேறு உலகத்திலிருந்து வருவதில்லை. அமெரிக்காவில் 11 பேரின் எழுத்து நிறங்களை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களின் நிறங்கள், சிறுவயதில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி விளையாடிய பிளாஸ்டிக் எழுத்துக் காந்தங்களின் நிறங்களோடு பெருமளவு ஒத்துப்போயின.

"ஐந்து சிவப்பு" என்று உங்கள் குழந்தை சொன்னால், தயவுசெய்து குறி கேட்கக் கூட்டிப் போகாதீர்கள். ஆறு என்ன நிறம் என்று கேளுங்கள்.