கை வெட்டிய கதையை இனியாவது விடுங்கள்

ஞாயிற்றுக்கிழமைப் பட்டிமன்ற வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "தாஜ்மகாலைக் கட்டி முடித்ததும் 20,000 பேர் கையையும் வெட்டினான் ஷாஜகான், இதுவா காதல்?" என்று ஒரு பேச்சாளர் கேட்டதும் அரங்கமே கைதட்டியது. வீடியோவுக்குக் கீழே நான் எழுதியது ஒரே வரி: "இதற்கு ஆதாரம் என்ன ஐயா?" அதற்கு வந்த பதில்களை இங்கே எழுத மனசு வரவில்லை. முகலாய அடிவருடி என்பதுதான் அதில் ரொம்ப மரியாதையானது.

மறுபடியும் கேட்கிறேன், ஆதாரம் என்ன? அந்தக் காலத்து அரசவைக் குறிப்புகளில் இல்லை. அப்போது ஆக்ராவுக்கு வந்துபோன தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி, 20,000 ஆட்கள் 22 வருஷம் வேலை செய்தார்கள் என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். யமுனைக்கு அக்கரையில் ஷாஜகான் தனக்கும் ஒரு சமாதி கட்டத் தொடங்கியதாகக் கதையும் சொல்கிறார். அவ்வளவு எழுதியவர் 20,000 பேருக்குக் கை போனதை மட்டும் விட்டுவிடுவாரா? கட்டட வேலை 1632இல் தொடங்கியது. அது முடிவதற்குள்ளேயே, 1639இல், டெல்லியில் ஷாஜகானின் புதுத் தலைநகரத்துச் செங்கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. தாஜ்மகாலைக் கட்டியவராகச் சொல்லப்படும் உஸ்தாத் அஹ்மத் லாஹோரிதான் அந்தக் கோட்டையையும் கட்டினார் என்று அவருடைய மகனே பாட்டில் எழுதியிருக்கிறார். ஒரு நகரத்தையே கட்டப்போகிற ராஜா தன்னிடம் இருக்கிற நல்ல வேலைக்காரர்களின் கையை வெட்டிவிட்டு யாரை வைத்துக் கட்டுவார்? 1652இல் மழைக்குத் தாஜ்மகாலின் குவிமாடம் ஒழுகுகிறது என்று அவுரங்கசீப் அப்பா ஷாஜகானுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஒழுகலை அடைப்பதற்காவது கை வேண்டாமா?

நாலு வருஷம் முன்னால் மகளோடு ஆக்ரா போனபோது, தாஜ்மகாலை ஒட்டிய தாஜ் கஞ்ச் சந்தில் ஒரு பெரியவர் தரையில் உட்கார்ந்து கல் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் வில் போன்ற கோலை இழுத்து இழுத்துச் சாணையைச் சுற்றுகிறார், இன்னொரு கையில் சுண்டுவிரல் நகம் அளவு சூதுபவளத் துண்டு. தேய்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பளிங்கில் குடைந்து வைத்திருந்த பள்ளத்தில் வைத்துப் பார்ப்பார், சேரவில்லை என்றால் மறுபடி சாணை. ஒரே ஒரு இதழுக்கு முக்கால் மணி நேரம் ஆனது, நாங்கள் அசையாமல் நின்றோம். மகள் இந்தியில் அந்தக் கதையைக் கேட்டாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கையை வெட்டியிருந்தால் எங்கள் முன்னோர் பிள்ளைகளுக்கு எதை வைத்து இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?" என்றார். எனக்கு அதற்கு மேல் எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை.

"அப்போ ஷாஜகான் நல்லவனா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். நான் எப்போது அப்படிச் சொன்னேன்? 1630இலிருந்து 1632 வரை குஜராத்திலும் தக்காணத்திலும் பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள், அதே 1632இல்தான் தாஜ்மகாலுக்கு அஸ்திவாரம். அதைப் பேசுங்கள், நானும் கூட நின்று பேசுகிறேன். நடந்த கொடுமை அத்தனை இருக்கும்போது நடக்காத ஒன்றை எதற்கு மேடை ஏற்றுகிறீர்கள்?

"சும்மா ஒரு கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று ஒரு தோழி கேட்டாள். அவள் கேட்டதுதான் ரொம்ப வலித்தது. அந்தக் கதையில் தொழிலாளிக்கு ஒரே ஒரு வேலைதான், கையை நீட்டுவது. ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து வந்த பளிங்கை இழைத்தவனும் அங்கே இல்லை, கல்லில் மீனும் நட்சத்திரமும் அம்புமாகத் தன் அடையாளத்தைக் கொத்திவிட்டுப் போனவனும் இல்லை. வாசல் சுவரில் குர்ஆன் வசனங்களை, உயரம் போகப் போக எழுத்தைப் பெரிதாக்கி, கீழே நிற்பவனுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும்படி எழுதிய அமானத் கான் தன் பெயரை உள்ளே பொறித்துவைத்திருக்கிறார். அவரை எந்தப் பட்டிமன்றத்திலாவது கேட்டிருக்கிறீர்களா? காதல் காதல் என்று இரண்டு அணியும் கத்தினார்களே, 1631இல் புர்ஹான்பூர்ப் பாசறையில் 14ஆவது பிரசவத்தில் உயிரை விட்ட மும்தாஜைப் பற்றி ஒருத்தராவது வாய் திறந்தார்களா? 38 வயது அந்தப் பெண்ணுக்கு. நானும் இரண்டு பெற்றவள்தான். எனக்கு அந்த 14 என்ற எண்ணைத் தாண்ட முடியவில்லை.

சரி, என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா கொத்தனார். பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து, "அந்த மாடி நான் போட்டது, அந்தக் காம்பவுண்டு நான் கட்டியது" என்று காட்டிக்கொண்டே வருவார். எதிலும் அவர் பெயர் கிடையாது. கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கும், வாசலில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும். சிமெண்டு தின்று தின்று அவருடைய விரல் நுனியில் ரேகையே இல்லாமல் போனது, ரேஷன் கடை மெஷின் கடைசிவரை அவர் கையை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒருநாள் அந்தக் கடை வாசலில் நின்று துண்டால் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் பையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இன்று காலை அதே வீடியோவை என் அண்ணன் மகன் எங்கள் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறான், கீழே மூன்று கைதட்டல் பொம்மையோடு. அப்பா தன் கையால் கட்டிய வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் போட்டிருப்பான்.