புதையல் எல்லாம் இல்லை, அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள்

நேற்று ராத்திரி நண்பர் ஒருவர் வாட்சப்பில் ஒரு பாட்டை அனுப்பி, "யாருக்குமே தெரியாத புதையல், ஹெட்போன் போட்டுக் கேள்" என்று எழுதியிருந்தார். பென்னி அண்ட் த குவார்ட்டர்ஸ் என்ற அமெரிக்கக் குழு பாடிய 'யூ அண்ட் மீ'. எனக்குப் பல வருஷமாகத் தெரிந்த, ரொம்பப் பிடித்த பாட்டு. ஆனால் அந்தப் 'புதையல்' என்ற சொல் உறுத்தியது. நாலு வரியில் பதில் போடலாம் என்று ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் பின்னணி. சிகாகோவில் நியூமரோ குரூப் என்று ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் இருக்கிறது. கென் ஷிப்லி, ராப் செவியர், டாம் லன்ட் என்ற மூன்று பேர் 2003-ல் தொடங்கியது. 60-களிலும் 70-களிலும் அமெரிக்க நகரங்களில் முளைத்து, சில வருஷங்களில் கடையைக் கட்டிவிட்ட குட்டி லேபிள்களின், அதாவது இசைத்தட்டு நிறுவனங்களின், சோல் பாட்டுகளை (கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான பாட்டு வகை) தேடிப் பிடித்து, உரியவர்களிடம் உரிமை வாங்கித் தொகுப்பாக வெளியிடுகிறார்கள். அந்த வரிசைக்குப் பெயர் 'எக்சென்ட்ரிக் சோல்'. முதல் தொகுப்பு 2004-ல் வந்தது, ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இருந்த காப்சோல் லேபிளின் பாட்டுகள். சோல் என்றால் டெட்ராய்டின் மோடவுன், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் என்ற இரண்டு பெரிய லேபிள்கள், இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, கொலம்பஸிலும் யாராவது உட்கார்ந்து பாடியிருப்பார்கள் என்றே தோன்றியதில்லை.

காப்சோலை நடத்திய பில் மாஸ் உள்ளூர் ரேடியோவில் டிஜே. பின்னாளில் அதே ஊரின் பள்ளி வாரியத்தில் உறுப்பினராகி அரசியல் பேசியவர். அவரிடம் பாடிய மரியன் பிளாக்கின் குரலை நான் முதலில் கேட்டது அவர் தட்டில் இல்லை. கொலம்பஸிலேயே வளர்ந்த ஆர்ஜேடி2 என்ற இசைக்காரர் 2002-ல் போட்ட ஆல்பத்தில் அந்தக் குரலை வெட்டி ஒட்டியிருந்தார். யாரப்பா இது, இவ்வளவு சோர்வோடு ஒருத்தன் பாட முடியுமா என்று தேடிப் போய்த்தான் காப்சோல் தொகுப்பில் விழுந்தேன். அதில் ஜான்சன், ஹாக்கின்ஸ், டேட்டம் அண்ட் டர் என்று ஒரு குழு. பெயரைப் பார்த்தால் ஆடிட்டர் ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கும், நாலு பேரும் சேர்ந்து பாடும்போது நெஞ்சு பிசையும்.

சரி, இவ்வளவு நன்றாகப் பாடியவர்கள் ஏன் வெளியே தெரியவில்லை? 'காலம் மறந்துவிட்டது' என்று கவிதையாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அதுதான் எனக்கு எரிச்சல். காலம் ஒன்றும் மறக்கவில்லை, சரக்கு போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன லேபிள் சில நூறு தட்டு, மிஞ்சிப் போனால் ஆயிரம் இரண்டாயிரம் தட்டு அடிக்கும். லேபிள்காரரே அதைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு கடை கடையாக, ரேடியோ நிலையம் நிலையமாக ஏறி இறங்குவார். ஊர் டிஜே போட்டால் ஊருக்குள் விற்கும். பக்கத்து மாநிலத்துக்குப் போக வினியோகஸ்தர் வேண்டும், அவரோ விற்றால்தான் காசு தருவார், அதையும் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். தட்டு அடித்துக் கொடுத்த ஆலைக்கு மட்டும் உடனே பணம் கட்டியாக வேண்டும். இதில் கொடுமை, பாட்டு ஓடாவிட்டால் நஷ்டம் சின்னது, ஓடிவிட்டால்தான் ஆபத்து. இன்னும் பத்தாயிரம் அடி என்று கேட்பார்கள், கடன் வாங்கி அடிப்பார், வினியோகஸ்தரிடமிருந்து பணம் வராது, லேபிள் மூடப்படும். ஹிட் கொடுத்தே செத்த கம்பெனிகள் உண்டு.

ரேடியோ சங்கதியும் இருக்கிறது. சிகாகோவின் ட்வினைட் லேபிளுக்காக 2007-ல் நியூமரோ போட்ட தொகுப்பின் தலைப்பு 'லூனார் ரொட்டேஷன்'. அதாவது நிலாச் சுற்று. பகலில் ஒலிக்க வாய்ப்பில்லாத தட்டுகளை, ஊர் தூங்கிய பிறகு நடுராத்திரியில் போட்டுக் கணக்கு முடிப்பதைத்தான் இது சொல்கிறது. ட்வினைட்டில் தொடர்ந்து பெரிதாக விற்றவர் பாடகர் சில் ஜான்சன்தான். மற்றவர்களில் பெரும்பாலானோர் நிலாச் சுற்றில் போனவர்கள்.

சில் ஜான்சன் கதை தனி. 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' பாடிய 1967-க்குப் பிறகு இருபது முப்பது வருஷம் கழித்து, பப்ளிக் எனிமி, வு-டாங் கிளான் என்று ஹிப்-ஹாப் உலகமே அந்தப் பாட்டை எடுத்து வெட்டிப் போட்டது. இடையில் மனிதர் சிகாகோவில் மீன் உணவுக் கடைகள் நடத்திக்கொண்டிருந்தார். தன் குரலை யார் யார் எடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பிடித்து, வழக்குப் போட்டுக் காசு வாங்கினார். அப்படிப்பட்டவர் நியூமரோக்காரர்களை மட்டும் உடனே நம்பிவிடுவாரா? வெகுநாள் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் 2010-ல் அவருடைய பழைய பாட்டுகள் பெரிய பெட்டியாக வந்து, இரண்டு கிராமி பரிந்துரையும் கிடைத்தது. 2022-ல் இறந்தார். அவரைப் போய்ப் புதையல் என்று சொன்னால் சிரித்திருப்பார், இல்லை வக்கீலைக் கூப்பிட்டிருப்பார்.

பிரிட்டனில் இதற்கு முன்பே ஒரு பெரிய கூட்டம் இதே பாட்டுகளைத் தேடியது. நார்தர்ன் சோல் என்பார்கள். வடக்கு இங்கிலாந்தின் ஆலை ஊர்ப் பையன்கள், விகன் கசீனோ மாதிரி இடங்களில் விடிய விடிய ஆடுவார்கள். அமெரிக்காவில் தோற்றுப்போன தட்டுதான் அங்கே ராஜா. அவர்கள் மட்டும் இல்லாவிட்டால் பாதிப் பாட்டுக்கு ஒரு பிரதிகூட மிஞ்சியிருக்காது, அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. டிஜேக்கள் தங்களிடம் உள்ள அபூர்வத் தட்டின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிப் பாடகர் பெயரை மறைத்து, வேறு ஏதோ பொய்ப் பெயர் சொல்லிப் போடுவார்கள், போட்டி டிஜே தேடி வாங்கிவிடக் கூடாது என்று. பாடியவன் பெயரை அழித்துத்தான் அந்தத் தட்டுக்கு மதிப்பு ஏற்றினார்கள். மோடவுன் அடித்துவிட்டு வெளியிடாமல் விட்ட ஃபிராங்க் வில்சனின் 1965 தட்டு 2009-ல் 25,742 பவுண்டுக்கு விலைபோனது. அதில் பாடினவருக்குக் காலணா கிடையாது, பழைய தட்டு கைமாறினால் பாடகருக்குப் பங்கு இல்லை. ஒப்பந்தம் போட்டு மறுபடி வெளியிட்டால்தான் அந்த வீட்டுக்கு ஒரு காசோலை போக வழி பிறக்கும். எனக்குத் தொகுப்பு ஆல்பங்கள் மேல் மரியாதை வர முதல் காரணம் அதுதான், இசைகூட அப்புறம்தான்.

இரண்டாவது காரணம் உள்ளே இருக்கும் புத்தகம். யார் கிடார், யார் கடன் கொடுத்தது, எந்தக் கடையின் பின்னறையில் பதிவு நடந்தது, எல்லாம் எழுதியிருப்பார்கள். மயாமியின் டீப் சிட்டி லேபிள் தொகுப்பை எடுங்கள். வில்லி கிளார்க், ஜானி பியர்சால் என்று இரண்டு பேர், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் என்ற கறுப்பினத்தவர் கல்லூரியில் படித்தவர்கள். பியர்சாலின் இசைத்தட்டுக் கடையை வைத்துக்கொண்டு லேபிள் நடத்தினார்கள். அந்தக் கல்லூரியின் அணிவகுப்பு பேண்டு பெயர்பெற்றது. இதைப் படித்துவிட்டுக் கேட்டால்தான், அந்தப் பாட்டுகளில் டிரம்மும் பித்தளை வாத்தியங்களும் ஏன் மைதானத்தில் நடந்துவருகிற மாதிரி முட்டிக்கொண்டு வருகின்றன என்பது பிடிபடும். பின்னால் பெரிய பாடகியான பெட்டி ரைட், சின்னப் பெண்ணாகத் தனிப் பாடகியாக முதன்முதலில் பாடிப் பதிந்ததும் இவர்களிடம்தான்.

கிளீவ்லாந்தின் பாடி ரெக்கார்டிங் கம்பெனி தொகுப்பு இன்னும் ஒரு படி மேல். தாமஸ் பாடி, லூயிஸ் பாடி என்ற தம்பதி 1958 முதல் 1993 வரை நடத்திய ஒலிப்பதிவுக்கூடம். தட்டு அடிக்கும் இயந்திரமும் அங்கேயே. கையில் கொஞ்சம் காசோடு யார் வந்தாலும் பதிவு செய்து கொடுத்தார்கள், தேவாலயப் பாடகர் குழு, சோல் பையன்கள், மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்த வெள்ளைக்கார பாஞ்சோக்காரர்கள் வரை. அதில் எல்லாப் பாட்டும் அற்புதம் என்று நான் சொல்லவில்லை. பொதுவாகவே இந்தத் தொகுப்புகளில் மூன்றில் ஒன்று சுமார்தான், மோடவுனின் புகழ்பெற்ற டெம்ப்டேஷன்ஸ் குழுவைப் பார்த்துக் கண்ணாடி முன் நின்று பழகிய மாதிரி இருக்கும். இருக்கட்டுமே. ஒரு ஊரில் பாடினவர்கள் எல்லாரும் மேதைகளாக இருந்தால்தான் கேட்பேன் என்பது என்ன கணக்கு?

இப்போது ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் அந்தப் புத்தகம் இல்லாமல். பாட்டு 'மழைநாள் சோல்', 'காபி நேரம்' வகைப் பட்டியல்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊர் போச்சு, லேபிள் போச்சு, பெயர் மட்டும் பொடி எழுத்தில். திரும்பவும் வெள்ளைத்தாள் ஒட்டுகிற வேலைதான், என்ன, இப்போது ஆப் ஒட்டுகிறது.

நண்பர் அனுப்பிய பாட்டுக்கு வருகிறேன். கொலம்பஸில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த ஒருவரின் வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தபோது கிடைத்த டேப்பில் இருந்தது அது. 70-களின் தொடக்கத்து ஒத்திகைப் பதிவு, ஒரு கிடாரும் குரல்களும்தான். யார் பாடியது என்று தெரியாமலேயே நியூமரோ 2007-ல் அதே ஊரின் பிரிக்ஸ் லேபிள் தொகுப்பில் சேர்த்தது. 2010-ல் 'புளூ வாலன்டைன்' படத்தில் வந்து உலகமே கேட்டது. அப்புறம்தான் பத்திரிகைகள் தேடத் தொடங்கி, 2011-ல் பென்னி கிடைத்தார். அண்ணன் தம்பிகளோடு பாடிய பெண். பாட்டை எழுதிய ஜே ராபின்சன் 2009-லேயே இறந்துவிட்டார், படம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்.

எங்கே தொடங்குவது என்று கேட்கப் போகிறவர்களுக்கு: முதலில் காப்சோல், அப்புறம் டீப் சிட்டி, பொறுமை இருந்தால் பாடி கம்பெனி மூன்று சிடியும். பென்னி பாட்டைத் தனியாக எடுத்துக் கேட்காதீர்கள், பிரிக்ஸ் தொகுப்பில் முன்னும் பின்னும் இருக்கிற ஊர்க்காரர்களோடு சேர்த்துக் கேளுங்கள். வாட்சப் நண்பரே, உங்களுக்கும்தான்.