எல்இடி விளக்கில் முதலில் போவது டிரைவர்தான்
எல்இடி பொருத்தினால் 50,000 மணி நேரத்துக்குப் பராமரிப்புச் செலவே இல்லை என்று எல்இடி விளக்குகளைப் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. அந்தக் கணக்கு பெரும்பாலும் வெளிச்சம் தரும் எல்இடி சில்லுக்கானது. அதுவும் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும் வரைக்கும்தான். நடைமுறையில் முதலில் பழுதாவது டிரைவர், அதாவது சில்லுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று. அதற்குள் இருக்கும் மின்தேக்கி சூட்டில் உலர்ந்துவிடும், காற்றுப் புகாத மூடிய கூட்டுக்குள் மாட்டினால் இன்னும் சீக்கிரம். எங்கள் அலுவலகத்தில் போட்ட பேனல்களில் டிரைவரைத் தனியாகக் கழற்றவே வழியில்லை, முழு விளக்கையும் மாற்ற வேண்டியதாயிற்று (ஆள்கூலி வேறு). மின்சாரம் மிச்சமாகிறது, சரி, அதை மறுக்கவில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர் எல்லா விளக்குகளையும் ஒரே நாளில் மாற்றச் சொல்கிறார். எதற்கு? இரவு பகலாக எரியும் மாடிப்படி விளக்கில் போட்ட காசு சீக்கிரம் திரும்பிவிடும். எப்போதாவது திறக்கும் சாமான் அறையில் அது லேசில் நடக்காது.