‘இக்கதை உணர்த்தும் நீதி யாதெனில்…’ போதும் சாமி, விட்டுடுங்க!

ஒரு கதையைக் கையில் கொடுத்து, "இதில் வரும் குடும்பத்தையும் அறத்தையும் பற்றி உனக்குத் தோன்றுவதை எழுது" என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நாற்பது தாளிலும் ஒரே வரிதான் வரும்: "இக்கதையின் வாயிலாக ஆசிரியர் குடும்ப உறவுகளின் மேன்மையை எடுத்தியம்புகிறார்." எடுத்தியம்புகிறாராம்! வீட்டில் எந்தப் பிள்ளையாவது இப்படிப் பேசுமா? கேட்டது உன் மனதில் பட்டதை. வந்து விழுவது உரைநூல்காரர் எப்போதோ எழுதி வைத்தது. அது இந்தக் கதைக்கு எழுதியதுகூட இல்லை, எல்லாக் கதைக்குமாகச் சேர்த்து எழுதியது.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. அவர்களுக்குக் கொடுத்திருக்கும் அச்சு அப்படி. முன்னுரை நான்கு வரி, கதைச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம், ‘மாந்தர் பண்புநலன்’ என்று அடிக்கோடிட்ட தலைப்பு, நெற்றியில் விபூதி பூசுவதுபோல் நடுவில் ஒரு குறள், பிறகு நீதி, பிறகு முடிவுரை. இதில் எழுதுகிற பிள்ளை எங்கே இருக்கிறது? தாளின் மேலே பதிவெண்ணில் மட்டும்தான். பத்தாம் வகுப்பு நெடுவினாவுக்கு 8 மதிப்பெண். தலைப்பு இருக்கிறதா, மேற்கோள் இருக்கிறதா, முடிவுரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் அந்த எட்டும் விழும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பிறகு எவன் மண்டையைக் குடைந்து யோசிப்பான்?

இந்த அச்சால் கதைக்கு என்ன கதி நேர்கிறது என்று பாருங்கள்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ இரண்டு மூன்று பக்கம்தான். அம்மாளு மில் கூலி. புருஷன் முருகேசன் ஜட்கா ஓட்டுகிறவன். குடித்துவிட்டுப் பந்தயம் விட்டதில் குதிரைக்குக் காயம், அவனுக்கு ஊமையடி. அவனுக்குப் பால்கஞ்சி வேண்டும், கையில் காசில்லை. இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதித்துக்கொண்டு வருகிறாள் அம்மாளு. கற்பு கற்பு என்று பேசுகிறவர்களைப் பார்த்து ஒரு அதட்டல், அதோடு கதை முடிந்தது. இதற்கு மாணவர் எழுதும் நீதி என்ன தெரியுமா? "வறுமை ஒழுக்கத்தைக் கெடுக்கும்." அடப்பாவமே! எந்தப் பேச்சைக் கிழிக்க அந்த மனிதர் பேனாவை எடுத்தாரோ, அதே பேச்சை அவர் கதைக்கு நீதியாகக் கொண்டுபோய் ஒட்டியாயிற்று. கெட்டது ஒழுக்கம் என்று கதையில் எங்கே இருக்கிறது? குடித்து வண்டியை உடைத்தவன் புருஷன். அதற்கான விலையைக் கொடுத்தவள் பெண்சாதி. வீட்டில் மாமியாரும் கொழுந்தனும் இருக்கிறார்கள், குதிரையோடு சேர்த்து ஐந்து உயிர். முக்கால் ரூபாய் என்ற தொகையை விட்டுவிட்டு இந்தக் கதையில் அறம் பேசவே முடியாது. ஆனால் அந்தத் தொகையைக் குறிப்பிடும் தாளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சிலப்பதிகாரம் இன்னும் பாவம். அதன் பதிகமே மூன்று உண்மைகளைச் சொல்லிவிடுவதால் எல்லாருக்கும் வசதி. அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். மூன்றையும் மனப்பாடமாக இறக்கி வைத்தால் வேலை முடிந்தது. முப்பது காதை எதற்கு? கண்ணகி என்றால் ‘பொறுமையின் சிகரம்’, மதுரையில் மட்டும் திடீரென்று கோபம் வந்துவிடும்! பதினாறாவதாக வரும் கொலைக்களக் காதையை ஒரு முறை, ஒரே ஒரு முறை, படித்திருந்தால் இப்படி எழுத வராது. ஆயர் வீட்டில் சாப்பாடு முடிந்து, வெற்றிலை வாங்கிக்கொண்டு, பெற்றவர்கள் பேச்சைக் கேட்காமல் போனேனே என்று கோவலன் புலம்புகிறான். கண்ணகி என்ன சொல்கிறாள்? நீங்கள் இல்லாத வீட்டில் விருந்தினரை எதிர்கொள்ளும் உரிமைகூட எனக்கு இல்லாமல் போனது என்கிறாள். உங்கள் அப்பா அம்மா வந்தபோது நோவை மறைத்துப் பொய்ச் சிரிப்புச் சிரித்தேன், அதைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தினார்கள் என்கிறாள். பிறகு முகத்துக்கு நேரே, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." பெரியவர்கள் போற்றாத நடத்தை உங்களுடையது. அதற்கடுத்த மூச்சிலேயே, மாறாத உள்ளம் எனக்கு, அதனால் கூப்பிட்டதும் எழுந்து வந்தேன் என்கிறாள். குற்றச்சாட்டும் கூடவே வந்த பயணமும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. மாமனார் மாமியார் முன் சிரித்து வைக்கும் மருமகள் இன்றைக்கும் எத்தனை வீட்டில் இருக்கிறாள்! ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டுக் கூடத்தில் பார்த்த சிரிப்பு இந்த இடத்தில் நினைவுக்கு வராதா? வரும். அதை எழுத விட்டால்தானே? ‘பொறுமையின் சிகரம்’ வந்து வாயை அடைத்துவிடுகிறது.

அம்மா என்றால் தியாகம், அப்பா என்றால் கண்டிப்பு, அண்ணன் என்றால் பொறுப்பு என்று உறவுக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதி மாட்டியிருக்கிறோமே, அதைச் சுக்குநூறாக்க ஜெயகாந்தன் ஒருவர் போதும். 1966இல் விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி அவன் இச்சைக்கு ஆளான பெண், நடந்ததை அம்மாவிடம் வந்து சொல்கிறாள். அம்மா முதலில் அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் விசாரித்ததும், மழையில் நனைந்து வந்ததற்காக அடித்தேன் என்று பொய் சொல்லிச் சமாளிக்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரை ஊற்றி, இதை நெருப்பென்று நினைத்துக்கொள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். கதைக்கு அன்றைக்கு எழுந்த எதிர்ப்பு தெரிந்ததுதான். பின்னால் அதே எழுத்தாளர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் ஒரே ஒரு திருகாணியை மாற்றினார். இந்த அம்மா பொய் சொல்லவில்லை, ஊர் கேட்கக் கத்தித் தீர்த்துவிட்டாள். அவ்வளவுதான். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான், அந்தப் பெண்ணின் முழு வாழ்க்கையும் வேறு பாதையில் போய்விடுகிறது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது அந்த நாவலுக்குத்தான்.

இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு குடும்பத்தின் அறம் எந்த நொடியில், யார் வாயில், எப்படித் தீர்மானமாகிறது என்று கண்ணால் பார்க்கலாம். காப்பாற்றியது பொய், கெடுத்தது உண்மை. ‘வாய்மையே வெல்லும்’ என்று முடிவுரை எழுதிப் பழகிய பிள்ளை இங்கே திக்கி நிற்க வேண்டும். அந்தத் திக்கல்தான் சிந்தனை, அதற்குத்தான் மதிப்பெண் போட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? "அந்த அம்மா பொய் சொன்னது சரி" என்று எழுதிய வரிக்கு அடியில் சிவப்பு மையால் ‘கருத்துப் பிழை’ என்று கோடு போடுகிறோம்!

சும்மா கத்திவிட்டுப் போவதில் என்ன லாபம்? எப்படி எழுதுவது என்றும் சொல்லித் தொலைக்கிறேன்.

முதல் முறை படிக்கும்போது பேனாவைத் தொடாதே. அடிக்கோடு போட ஆரம்பித்தால் கண் நீதியைத்தான் தேடும், கதையைப் பார்க்காது. இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார். முடிவு எடுத்தது யார், அதற்கு விலை கொடுத்தது யார், பேசவே விடாமல் வைத்திருப்பது யாரை? இந்த மூன்று பேரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில்தான் குடும்பம் என்பது என்னவென்று தெரியும். அடுத்து, காசு, சாப்பாடு, கதவு, துணி என்று கைக்குத் தட்டுப்படுகிற ஒரு பொருளைக் கதையிலிருந்து எடு. முக்கால் ரூபாயையோ ஒரு குடம் தண்ணீரையோ பற்றி எழுத ஆரம்பித்தால் ‘மேன்மை’, ‘மாண்பு’ எல்லாம் தானாக ஓடிப்போகும். ஒரு செயலை மட்டும் மாற்றிப் போட்டும் பார்: அம்மாளு போகாமல் இருந்திருந்தால்? அந்தக் கற்பனைக்குத் தாளில் ஐந்து வரி போதும், மீதியைக் கதையே சொல்லிவிடும்.

அளவு முக்கியம். 300 சொல் கட்டுரை என்றால் கதைச் சுருக்கம் 50 சொல்லைத் தாண்டக் கூடாது. திருத்துகிறவர் கதையைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கே திரும்பச் சொல்லாதே. ஒரே ஒரு காட்சி, அதற்கு 120 சொல். அந்தக் காட்சி பற்றிய உன் தீர்ப்பு 80 சொல். மிச்சம் இருக்கும் 50ஐ உன் தீர்ப்பை நீயே சந்தேகப்படச் செலவழி. அந்தக் கடைசி ஐம்பதை யாரும் எழுதுவதே இல்லை. எழுதினால் தடுமாற்றம் தெரிந்துவிடுமாம். பதினைந்து வயதில் தடுமாறாமல் அறுபதிலா தடுமாறுவது?

இன்னொரு கூத்தும் உண்டு. கதை சொல்லும் ஆளையும் எழுதியவரையும் ஒன்றாக்கிவிடுவது. கதைக்குள் ஒரு மாமா பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசினால் ‘ஆசிரியர் கூறுகிறார்’ என்று எழுதுகிறார்கள். ஆசிரியர் எங்கே கூறினார்? அந்த ஆள் கூறினான்! ‘ஆசிரியர் கூறுகிறார்’ என்று எழுதும்போதெல்லாம் நிறுத்தி, பக்கத்தைப் புரட்டி, யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள். பாதிப் பிழை அங்கேயே தீர்ந்துவிடும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கதை படித்துவிட்டு வந்ததும் "என்ன நல்ல கருத்து இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள். கதை என்ன மருந்துச் சீட்டா? "யார் மேல கோபம் வந்துச்சு?" என்று கேளுங்கள். சில சமயம் உங்கள் மேல்தான் என்று பதில் வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரே கோரிக்கை. அடுத்த முறை ‘இக்கதை உணர்த்தும் நீதியை விளக்குக’ என்பதை அடித்துவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அக்கம்பக்கத்தார் கேட்டபோது அந்த அம்மா பொய் சொன்னாள். நீ அந்த வீட்டில் இருந்திருந்தால் அவளைக் காட்டிக்கொடுத்திருப்பாயா? ஏன்?" 8 மதிப்பெண். எந்த உரைநூலில் விடை இருக்கும் என்று நானும் பார்க்கிறேன்.